தலை குனிந்த கதிர்

மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையின் மேனேஜர் அவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "உங்களுக்குத் தெரியாததா?" என்பார்.

அரிசிச் சிப்பத்தில் அச்சடிக்கப் படம் வரையும் வேலை, ஃப்ரீலான்ஸாக எனக்கு வந்தது. எது வேண்டும், எது கூடாது என்று முதல் நாளே அவரிடம் கேட்டேன். துடைத்தார், அதே பதில். மூன்று வாரம் மெனக்கெட்டு, முற்றி வளைந்த நெற்கதிரை வரைந்து கொண்டுபோனேன்.

"கதிர் தலை குனிஞ்சிருக்கே. மொதலாளி ஒத்துக்க மாட்டாருங்க. நிமிர்ந்துதான் இருக்கணும். இங்க எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கு யார் சொன்னாங்க?"

அதற்கும் கண்ணாடியைத்தான் துடைத்தார். பிடுங்கி ஜன்னல் வழியே எறியலாம் போலிருந்தது.

அப்போது, விளம்பரத்துக்கு நெல்வயலைப் படமெடுக்க ஒரு பெண் கேமராவோடு வந்தாள். அவளும் என்னைப்போல் வெளியாள்தான்.

"எடுக்கக் கூடாதது ஏதாவது இருக்கா சார்?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"குனிஞ்ச கதிரை எடுத்துராதீங்க," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் அவளிடம் சொன்னார்: "ஆமாங்க, அதுதான் முக்கியம்."