இராசமலர் சத்தியம் செய்த கையெழுத்து

ஒட்டுசுட்டான் இராசமலரை எனக்கு இரண்டு வருசமாகத்தான் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிற நாட்களும் உண்டு. அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு பழைய கார்.

என் பெயர் பரமேஸ்வரன். கண்டாவளையில் வீடு. ஓட்டோ ஓடிப் பிழைத்தவன். மாப்பிள்ளை பொம்பிளையைப் பழைய காரில் ஏற்றிப் படம் எடுக்கிற பழக்கம் எங்கள் பக்கமும் வந்த பிறகு, ஓட்டோவை விற்றுவிட்டு ஒரு ஒஸ்ரின் ஏ40 வாங்கினேன். ஐம்பத்து மூன்றாம் ஆண்டுக் கார். வவுனியாவில் பழைய கார்களைத் திருத்தி, பெயின்ற் அடித்து விற்கிற நிரஞ்சன் என்பவனிடம் வாங்கியது. கறுப்பு நிறத்தில் பளபளவென்று நின்றது. என் மனைவி சுதாஜினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதென்ன, கலியாண வீட்டுக்கோ செத்த வீட்டுக்கோ?" என்றாள். அவள் வாய்க்குப் பயந்து பிறகு பால் நிறத்தில் அடித்தேன்.

நிறம் மாறியதே தவிர காரின் குணம் மாறவில்லை. பரந்தன் சந்திக்கு வருமுன் றேடியேற்றர் கொதிக்கும். பிரேக்கை இன்றைக்கு மிதித்தால் நாளைக்குப் பிடிக்கும். முள்ளியவளையில் கராஜ் வைத்திருக்கிற மஸாஹிரிடம் கொண்டுபோனேன். அவர் சுற்றிவரத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணன், இது கார் இல்ல, ஓட்டை அடைக்கிற பட்டி. உள்ளுக்கு எங்கயோ கொஞ்சம் கார் இருக்கு." அந்தக் கொஞ்சக் காரைத் தேடிப் பிடிக்க அவருக்கு நாலு மாதம் எடுத்தது. நிரஞ்சனோடு போனில் கத்திக் கத்திச் சில சாமான்களை அவனிடமே பிடுங்கினேன். கடைசியில் கார் ஓடியது. ஸ்பானரால் தீர்க்கக்கூடிய பிரச்சினை எல்லாம் தீர்ந்தது. மிஞ்சியது கடதாசிப் பிரச்சினை.

ஓப்பின் பேப்பரில் வாங்கிய கார் அது. வாகனத்தை விற்கிறவர் மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குகிறவர் பெயரை எழுதாமல் கொடுத்துவிடுவார். அந்தப் படிவமும் வாகனத்தின் பதிவுப் புத்தகமும் கைமாறிக் கைமாறிப் போகும். புத்தகத்தில் முதல் ஆளின் பெயர் அப்படியே கிடக்கும். எங்கள் பக்கம் ஒருவரும் இதைப் பிழையென்று நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. கார் கையில் இருக்கிறது, புத்தகம் கையில் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். கலியாண வாடகைக்கு ஓடுவதென்றால் புத்தகம் என் பெயரில் இருக்கவேண்டும் என்று இன்சூரன்ஸ்காரர் சொன்ன பிறகுதான் படிவத்தை நிரப்பி வாகனப் பதிவுக் கந்தோரில் கொடுத்தேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் திருப்பித் தந்தார். சொந்தக்காரர் அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும். அவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ். இரண்டும் இல்லையென்றால், கையெழுத்து அவருடையதுதான் என்று மனைவி சத்தியக்கடதாசி முடித்துத் தந்தாலும் பார்க்கலாம் என்றார்.

நிரஞ்சனுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அந்த மனுசன் எங்க இருக்கிறார் எண்டு எனக்கென்ன தெரியும்? பழைய புத்தகத்தில கிடந்த கையெழுத்தைப் பாத்து நான்தான் போட்டனான். ஊரில எல்லாரும் செய்யிறதுதானே. கோவிக்காதேங்கோ."

நான் கோவித்த கோவத்தை இங்கே எழுத முடியாது. அவன் போனை வைத்துவிட்டான்.

புத்தகத்தில் இருந்த பெயர் சி. முத்துலிங்கம். விலாசம் ஒட்டுசுட்டான். ஒரு வியாழக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் அந்தக் கிராமத்து அலுவலரான விதானையாரிடம் விசாரித்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார்.

"ரெண்டாயிரத்து ஒன்பதில சண்டை முடியேக்க, மனுசனை வட்டுவாகலில வைச்சு ஆமிக்காரர் பஸ்சில ஏத்தினவங்கள். அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மனுசி இருக்கிறா. அவாவிட்ட மரணச் சான்றிதழ் எண்டு மட்டும் வாய் திறந்திடாதேங்கோ. நான் ஒருக்காத் திறந்து வாங்கிக் கட்டினனான்."

வீடு காட்டு ஓரத்தில் இருந்தது. யானை மிதித்த வாழைகள் விழுந்தபடி கிடந்தன. நான் காரை நிறுத்தி எஞ்சினை அணைக்குமுன்னே உள்ளே இருந்து ஒரு மனுசி வாசலுக்கு ஓடி வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் கரண்டி. அவர் பார்த்தது காரை இல்லை, ஓட்டுகிற ஆளை. நான் இறங்கியதும் அந்த முகம் விழுந்ததை நான் கண்டேன். பிறகு கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாங்கோ தம்பி, வெயிலுக்க நிக்காதேங்கோ" என்றார்.

அதுதான் இராசமலர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிற வேலை. இரண்டு பெண்பிள்ளைகள், இருவரையும் கட்டிக்கொடுத்துவிட்டார். தனிய இருக்கிறார், ஆனால் குடும்ப அட்டையில் தனிய இல்லை. முதலாவது பெயர் இன்றைக்கும் சி. முத்துலிங்கம், குடும்பத் தலைவர். வாக்காளர் படிவம் வருகிற ஒவ்வொரு வருசமும் அவருடைய பெயரைத் தன் கையால் எழுதிக் கொடுப்பார். விதானையார் வெட்டுவார். அடுத்த வருசம் இவர் திரும்பவும் எழுதுவார். இதையெல்லாம் தேத்தண்ணீர் தந்தபடி அவரே சொன்னார். முறைப்பாடாகச் சொல்லவில்லை, வீட்டு வேலைகளில் ஒன்றைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

"கார் நல்லா ஓடுதோ?"

"இப்ப ஓடுது அக்கா."

"அவர் இதை மண்ணெண்ணெயில ஓடினவர். பெற்றோல் இல்லாத காலம். ஸ்டாட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல் விடுவார். ஊர் முழுக்கப் புகை." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

இடம்பெயர்ந்தபோது காரை வளவிலேயே விட்டுவிட்டுத்தான் போனார்களாம். "கார் போனாலும் புத்தகம் இருந்தால் பிறகு கேக்கலாம், பத்திரமா வை" என்று முத்துலிங்கம் சொல்லியிருக்கிறார். காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காரின் புத்தகம் மூன்றையும் பொலித்தீனில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு கடற்கரை வரைக்கும் போயிருக்கிறார் இவர். முகாமில் இருந்து திரும்பி வந்தபோது ரயர், கண்ணாடி, சீற் ஒன்றுமில்லாமல் கார் அதே இடத்தில் கிடந்ததாம். மூன்று வருசம் அதை ஓலையால் மூடி வைத்திருந்தார். பிறகு மூத்தவள் ஏஎல் வகுப்புப் படிக்கப் புதுக்குடியிருப்புக்குப் போகவேண்டி வந்தது. சைக்கிள் இல்லை. பழைய இரும்பு வாங்க வந்தவனுக்குக் காரையும் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினார்.

"ஒரு காரை வித்து ஒரு சைக்கிள் வாங்கினனான் தம்பி. அவர் வந்தால் என்ன சொல்லுவன் எண்டு அண்டைக்கு முழுக்க அழுதனான்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல என்னைப் பார்த்தார். "கையெழுத்து இல்லாமல்தானே குடுத்தனான். இவ்வளவு கை மாறியிருக்கு. ஒருத்தரும் கையெழுத்துக் கேக்கேல்லையோ?"

நான் மடையன். பைலைத் திறந்து மாற்றப் படிவத்தை எடுத்து நீட்டினேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அவர் அதைப் பார்த்தார். கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு விரல் கீழே இறங்கித் திகதியில் நின்றது. நிரஞ்சன் தன் வசதிக்கு எழுதிய திகதி அது. இரண்டாயிரத்துப் பத்தொன்பது, ஆவணி மூன்று.

"தம்பி, இது அவற்ற கையெழுத்து."

நான் படிவத்தைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

"பத்தொன்பதாம் ஆண்டு போட்டிருக்கிறார். பஸ் ஏறிப் பத்து வருசத்துக்குப் பிறகு." திகதியை இன்னொருமுறை விரலால் தடவினார். "இரும்புக்காரன் அவரைக் கண்டிருக்கிறான். இல்லாட்டி அவனிட்ட வாங்கினவன் கண்டிருக்கிறான். ஆரோ இந்தப் பேப்பரைக் கொண்டுபோய் அவரிட்டக் குடுத்திருக்கினம். அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்!"

அவர் சிரித்தார். முழுசாகச் சிரித்தார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். இரண்டு சொல் போதும், "பொய் அக்கா." சொல்ல வாய் திறந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு பக்கம் நின்றது, கந்தோர்காரர் சொன்ன மூன்றாவது வழி மறுபக்கம் நின்றது. முதலாவதுக்காகத்தான் வாயை மூடினேன் என்று சொன்னால் அதுவும் பொய்.

"அக்கா, இது அவற்ற கையெழுத்துத்தான் எண்டு எழுதித் தருவியளோ?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளில் கேவலமான கேள்வி அதுதான்.

"ஏன் தராமல்? எங்க வரவேணும் எண்டு சொல்லுங்கோ."

அடுத்த திங்கட்கிழமை நல்ல சேலை உடுத்து, குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். விதானையார் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்கவேண்டும். பிறகு முத்திரையைக் குத்தினார். சமாதான நீதவான் சத்தியக்கடதாசியை வாசித்துக் காட்டினார். கணவர் முத்துலிங்கம் இன்ன திகதியில் இட்ட கையெழுத்து இதுவென்று அவருடைய மனைவியாகிய நான் உறுதியாக அறிவேன். இராசமலர் அந்த வசனத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடிந்ததும், "வற்றாப்பளை அம்மாளாணை உண்மை" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

புத்தகம் என் பெயரில் வந்தது. கலியாணங்கள் கிடைக்கத் தொடங்கின. படப்பிடிப்புக்காரர்கள் காருக்கு முன்னால் பூக்களைத் தொங்கவிட்டார்கள். நான் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு சிரித்தபடி ஓட்டினேன். ஒட்டுசுட்டான் பக்கம் மட்டும் வாடகை ஏற்பதில்லை.

நாலு மாதம் கழித்து அவர் போன் எடுத்தார்.

"தம்பி, உங்கட அலுவல் முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அக்கா."

"அப்ப என்னை ஒருக்கா வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவியளோ? கார் வித்தவரிட்ட, அந்தக் கையெழுத்தை எங்க வாங்கினவர் எண்டு கேக்கவேணும்."

என் அலுவலுக்காகத் தன் புருசனைத் தேடுவதை நாலு மாதம் ஒத்திவைத்திருந்த மனுசி அவர். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சுதாஜினி, "உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ, இல்லாட்டி வீட்டுக்கு வராதேங்கோ" என்று அனுப்பினாள். மாங்குளத்தில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தினேன். அங்கே சொல்வதென்றுதான் நினைத்தேன். "அக்கா, நிரஞ்சன் அவ்வளவு நல்லவன் இல்லை" என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை. "இருக்கட்டும் தம்பி, அவரைக் கண்டவன்தானே" என்றார்.

நிரஞ்சன் முதலில் சிரித்தான். பிறகு மனுசி முத்துலிங்கத்தின் போட்டோவை எடுத்து மேசையில் வைத்ததும் முகம் வெளிறி என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அம்மா, நான் இவரைக் காணேல்லை. ஒருத்தரையும் காணேல்லை. அது நான் போட்ட கையெழுத்து."

இராசமலருக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. "எந்த இடத்தில தம்பி? மெலிஞ்சிருந்தவரோ?"

எப்படியாவது இதை முடித்துவிட வேண்டும் என்று நினைத்தானோ, இரக்கப்பட்டானோ தெரியாது. அவன் ஒரு பேனையை எடுத்தான். பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் அவர் கண்ணுக்கு முன்னாலேயே எழுதினான். சி. முத்துலிங்கம். அதே சுழிப்பு, அதே கீழ்க்கோடு. அதைத் திருப்பி அவருக்கு முன்னால் தள்ளினான்.

சத்தியக்கடதாசி முடித்த அன்றைக்கு எடுத்து வைத்திருந்த படிவத்தின் போட்டோக்கொப்பியை அவர் கைப்பையில் இருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்கு ஆட்கள் வந்து போனார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். போதும் அக்கா, எழும்புங்கோ என்று சொல்ல நினைத்தேன்.

"நல்லாப் போடுறியள் தம்பி," என்றார் கடைசியில். பிறகு என் பக்கம் திரும்பினார். "கார் உங்கட பேரில மாறீட்டுதோ?"

"ஓம் அக்கா."

"இந்தக் கையெழுத்தைக் கவுண்மேந்து ஏற்றுக்கொண்டதோ?"

"ஓம்."

"பதினாலு வருசமா நான் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. அவர் இருக்கிறார் எண்டு ஒருத்தரும் எழுதித் தரேல்லை. இல்லை எண்டும் எழுதித் தரேல்லை. இதில மட்டும்தான் எழுதியிருக்கு. பத்தொன்பதாம் ஆண்டு ஆவணி மூண்டில அவர் இருந்திருக்கிறார்." குரல் உயரவேயில்லை. "இது பொய்யெண்டால் உங்கட புத்தகமும் பொய் தம்பி. கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கப் போறியளோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஓட்டோ இல்லாத வீட்டையும், வாடகை எடுத்திருந்த இரண்டு கலியாணங்களையும் நினைத்தேன். இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப உண்மைதான்," என்று சொல்லிவிட்டுக் கொப்பியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். நிரஞ்சன் எழுதிய துண்டு மேசையிலேயே கிடந்தது.

திரும்பி வந்ததும் அவர் ஒட்டுசுட்டானில் வீட்டு வாசலில் இறங்கிக் கதவைப் பதனமாகச் சாத்தினார். போகாமல் ஜன்னலைப் பிடித்தபடி நின்றார்.

"அவர் வந்தால் காரை ஒருக்காப் பாக்கவேணும் எண்டுதான் நிப்பார். உங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறன், என்ன?"

"கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா," என்றேன்.

வீடு போய்ச் சேர்ந்தபோது சுதாஜினி வாசலில் நின்றாள். உண்மையைச் சொன்னீங்களோ என்று கேட்டாள். நான் காருக்குள் இருந்து இறங்காமல் அழுதேன்.