எங்கள் பிஎம்எக்ஸ் வலைப்பதிவின் முதல் விளம்பரதாரர்

எங்கள் பிஎம்எக்ஸ் சைக்கிள் சாகச வலைப்பதிவுக்கு விளம்பரம் கேட்டு இன்று புதுவாயல் சைக்கிள் கடைக்குப் போனேன்.

நான் சைக்கிளோடு அந்தரத்தில் நிற்கும் படத்தைக் கடைக்கார பாய் உற்றுப் பார்த்தார்.

"இன்னா தம்பி, நீ சீட்ல குந்தவே இல்லியே. பாக்கறவன் சீட்டு சரியில்லன்னு நெனச்சுக்குவான். வாணாம்பா."

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த எலும்பு முறிவு வைத்தியர் படத்தை எட்டிப் பார்த்தார்.

"நான் தரேன்பா. மாசாமாசம் போடு."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போது மறுபடி கூப்பிட்டார்.

"ஒரே கண்டிசன். ஹெல்மெட் போடு, முட்டிக்குப் பேடு கட்டுன்னு எழுதி ஜனங்கள பேஜார் பண்ணாத."

முகப்பில் 'யாருக்கும் தலைவணங்காத வலைப்பதிவு' என்று போட்டிருக்கிறோம். இப்போது தலையைக் காப்பாற்றுவதா, விளம்பரத்தைக் காப்பாற்றுவதா? நீங்களே சொல்லுங்கள்.