என் கூட்டாளிக்கு ஒரு சந்தேகம்

எங்கள் மட்டக்களப்பு ஆம்பிளைகளுக்கு வீடு கட்டத் தெரியும், ஓடு மாற்றத் தெரியும், வேலி அடைக்கத் தெரியும். சொந்தமாக ஒரு வீடு வைத்திருக்க மட்டும் தெரியாது. கலியாணத்துக்கு முதல் தங்கச்சிக்கு வீடு. கலியாணம் முடிந்தால் மனைவியின் சீதன வீட்டில் குடியேற்றம். பிறகு மகளுக்கு ஒரு வீடு பார்க்க வேண்டும். நானும் அந்த ஒழுங்கை மீறவில்லை. கரடியனாற்றில் தங்கச்சிக்குக் கட்டிய வீட்டுக்குச் சுவர் பூசியது நான். இப்போது அங்கே போனால் விறாந்தையில் கதிரை போட்டு, "இரிங்க அண்ணா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பாள். நல்ல பிள்ளை. ஆனால் விருந்தாளிக்குத்தானே அப்படிக் கதிரை போடுவார்கள்?

தன்னாமுனையில் நாங்கள் இருந்தது மனைவியின் வீடு. மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்ததும் அதை விற்று, மகள் வேலை செய்யும் டவுனுக்குக் கிட்ட, வாவிக்கரைப் பக்கம் ஒரு வீடு வாங்குவதென்று முடிவானது. வாங்க வந்தவரை வளவு முழுக்கக் கூட்டிக்கொண்டு திரிந்தது நான்தான். இந்தத் தென்னை நான் வைத்தது, அந்தக் குசினி நான் இறக்கிக் கட்டியது என்று ஒரே பீற்றல். அவரும் "ஐயாட வீடு நல்ல வீடு" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு கந்தோரில் அந்த நிமிர்வு படுத்துக்கொண்டது. "காணிச் சொந்தக்காரர் ஆரு?" என்று நொத்தாரிசு அம்மா கேட்டதும் நான் கதிரையை முன்னால் இழுத்தேன். "நான்தான் மிஸ்" என்றாள் பின்னாலிருந்து மனைவி. "அப்ப ஐயா கொஞ்சம் தள்ளி இரிங்க, சாட்சிக்குக் கூப்பிடுறன்" என்றார் அந்த அம்மா. அத்தனை பீற்றலுக்கும் கடைசியில் கிடைத்தது ஒரு சாட்சிக் கையெழுத்து. டிப்போவில் பஸ் திருத்திய காலத்தில் வாங்கிய நல்ல பேனை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எடுத்துக் கவனமாகப் போட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, "கையெழுத்து வடிவாத்தான் இரிந்திச்சி" என்றாள்.

புது வீட்டை விற்கிறவர் இன்னொரு ரகம். பின்வேலியில் நின்று வாவிப் பக்கம் கையை நீட்டி, "தண்ணி வரைக்கும் உங்களுக்குத்தான்" என்றார். நான் நம்பிவிட்டேன். தூண்டிலோடு காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பதாகக் கற்பனை வேறு. நொத்தாரிசு அம்மா அளவைப் படத்தை விரித்து, காணி வேலியோடு முடிகிறது, அதற்கு அங்கால் அரசாங்க ஒதுக்கு நிலம் என்று காட்டினார். உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு ஆரும் ஆட்டலாம், காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தால்தான் ஈடு வைத்த கடன் கிடக்கிறதா, வழக்குக் கிடக்கிறதா என்று தெரியும் என்றும் சொன்னார். தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "அப்ப காத்தாவது எங்கட கணக்கிலயா?" என்று விற்கிறவரிடம் கேட்டேன். மனுசன் சிரிக்கவே இல்லை.

எல்லாம் இப்படிப் பகிடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளையின் தாய் வந்து, "வீடு புள்ளட பேரிலதானே எழுதுற?" என்று கேட்டார். "ஓம், ஓம். வேற ஆருட பேரில?" என்றாள் மனைவி. சரியான பதில்தான். ஊர் வழக்கமும் அதுதான். ஆனால் நான் மனசுக்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். பழைய வீடு விற்றாகிவிட்டது. புதுசு மகளுடையது. நாளைக்கு ஒரு மனக்கசப்பு வந்து, "கொஞ்ச நாளைக்கு வேற இடம் பாருங்க" என்று ஆராவது சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் எங்கே போவது? என் மகள் தங்கம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பயமாக இருந்தது. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? பெற்ற மகளிடம் எழுத்தில் உத்தரவாதம் கேட்கிற தகப்பன் ஒருவனை நான் எங்கேயும் கண்டதில்லை.

அதனால் ஆருக்கும் சொல்லாமல் கந்தோருக்குப் போனேன்.

"மிஸ், என்ட கூட்டாளி ஒருத்தருக்கு ஒரு சந்தேகம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சொல்லுங்க, கூட்டாளிக்கு என்ன?"

"வீட்ட மகள்ட பேரில எழுதினா, மறுகா அந்த வீட்டில அவர் ஆரு?"

"சீவிய உரித்து வைச்சு எழுதலாம் ஐயா. வீடு மகள்டதான். ஆனா தாயும் தகப்பனும் சீவன் இரிக்கும் மட்டும் அதில இரிக்கலாம். ஆராலயும் எழும்பச் சொல்ல ஏலா."

"மகள் விக்க வெளிக்கிட்டா?"

"விக்கலாம். அந்த உரித்தோடதான் விக்கணும். வளவில நிக்கிற மாமரம் மாதிரி உங்கட கூட்டாளியும் வீட்டோட சேந்து போவார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிம்மதியும் வந்தது. ஆனால் அவர் விடவில்லை. "மகளிட்டயும் மாப்பிள்ள வீட்டாரிட்டயும் முதலே கதைக்கச் சொல்லுங்க. மறைச்சுச் செய்யிற வேலை இல்ல இது."

"அவர் கொஞ்சம் வெக்கப்படுற ஆள் மிஸ்."

"விளங்குது" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது மனைவிக்கும் அந்தக் கூட்டாளியை அவிழ்த்துவிட்டேன். பாவம், வீட்டை மகளுக்கு எழுதப் போகிறான், மனசுக்குள் பயந்துகொண்டு திரிகிறான் என்றேன். "எந்தக் கூட்டாளி?" என்றாள். "டிப்போவில ஒண்டா வேலை செஞ்சவன். உனக்குத் தெரியாதுகா." அவள் ஒரு மீன் துண்டை என் சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். சரி, கதை முடிந்தது என்று நானும் சாப்பிட்டேன். மகளிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டேன்.

உறுதி எழுதுகிற நாளில் புதுச் சேட்டு ஒன்று போட்டு, பேனையைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போனேன். விற்கிறவர் வந்திருந்தார். மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். சாட்சிகளைக் கூப்பிட்டதும் பழக்கதோசத்தில் கதிரையை இழுத்தேன்.

"ஐயா, நீங்க சாட்சி போட ஏலா" என்றார் நொத்தாரிசு அம்மா.

எனக்கு வந்ததே கோபம்! "ஏன் மிஸ்? போன முறை போட்டன்தானே? இந்தச் சாட்சிக் கையெழுத்துக்கும் நான் லாயக்கில்லையா?" கந்தோருக்கு வெளியே நின்ற சனமும் திரும்பிப் பார்த்தது.

"கத்தாதிங்க ஐயா. உங்கட பேர் உறுதிக்குள்ள கிடக்கு. உரித்து எடுக்கிற ஆளே சாட்சியும் போடுறதா?"

பிறகு வாசித்தார். எல்லை, அளவு எல்லாம் போய், வாங்குபவரின் தாயினதும் தந்தையினதும் சீவிய உரித்துக்கு உட்பட்டு என்று வந்தது. அதன் பின்னால் மனைவியின் பெயர். அதற்குப் பக்கத்தில் என் பெயர், முழுசாக.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள். மகள்தான் வாய் திறந்தாள். "அம்மா சொன்ன உடனே மிஸ்ஸோட கதைச்சிட்டன் அப்பா. அவங்கட வீட்டாருக்கும் சொல்லியாச்சி. மாமி, 'இதைக் கேக்கணுமா'ண்டு என்னத்தான் ஏசினா." கொஞ்சம் நிறுத்தி, "டிப்போவில உங்களுக்கு அப்பிடி ஒரு கூட்டாளி இல்லையே" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை, மறைக்க இடமும் இல்லை. சாட்சி போட வந்த கந்தோர்ப் பெடியன் பேனை இல்லாமல் மேசையைத் தடவினான். என்னுடையதைக் கொடுத்தேன். அந்த உறுதியில் எல்லாரும் என் பேனையால்தான் கையெழுத்து வைத்தார்கள். நான் மட்டும் வைக்கவில்லை.

சாமான் ஏற்றி வந்த நாளில் கட்டிலை எந்த அறையில் போடுவதென்று தெரியாமல் நடுவீட்டில் நின்றேன். மனைவி வாவிக் காற்று வருகிற பக்கத்து அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"இஞ்ச போடுங்க. இது உங்கட கூட்டாளிட அறை."

நான் கட்டிலை இழுத்தேன். அவள் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.

"இனி எங்கயும் போய்ச் சந்தேகம் கேக்காம, இஞ்சயே இரிக்கச் சொல்லுங்க அவர" என்றாள்.