பாம்புக்காது சொன்னால் சரி

கார்களுக்கு ஸ்டீரியோ மாட்டும் அந்தக் கடையில் அவரைப் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் பாட்டு எதையும் போடமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, வால்யூமை ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதிப்பார். எஞ்சின் வேகத்தோடு ஸ்பீக்கரிலும் ஓர் ஊளை ஏறினால் போச்சு, மொத்தத்தையும் பிரித்துப் போடுவார். ஏறாவிட்டால் "சுத்தம்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வண்டிக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். அவருக்கு இருந்த ஒரே சொத்தும் அதுதான். கடைகூட அவருடையதில்லை, மனைவியின் தம்பியுடையது.

ஊளைக்கெல்லாம் காரணம் கேபிள்தான் என்று அடித்துச் சொல்வார். பேட்டரி வயர் வண்டியின் இடப்பக்கம் போனால் பாட்டுக் கேபிள் வலப்பக்கம் போகவேண்டும். இரண்டும் உரசிக்கொண்டு போகக்கூடாது. பாட்டுக் கேபிளுக்குள்ளே கம்பிகள் முறுக்கியிருக்க வேண்டும், அவற்றின்மேல் இரைச்சலைத் தடுக்கும் செம்பு வலை நெருக்கமாகப் போர்த்தியிருக்க வேண்டும். மச்சான் வாங்கிவரும் ஒவ்வொரு சுருளையும் பிளேடால் கீறிப் பார்ப்பார்.

"என்ன மச்சான் இது, வலையா கந்தலா?"

"நல்லா தடியாத்தானே இருக்கு மாமா?"

"தடியா இருக்கிறது ரப்பர். நீயும்தான் தடியா இருக்க, உன்னை வண்டியில மாட்ட முடியுமா?"

கடையே சிரிக்கும். மச்சானும் சிரிப்பான். சுருள் வந்த வழியே திரும்பிப் போகும்.

எத்தனை வருடம்தான் அலறும் ஸ்பீக்கர்களுக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டிருப்பது? மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போயின. பேச்சு கேட்டது, பாட்டு கேட்டது, அதனால் போனது எதுவும் அவருக்கு உறைக்கவில்லை. மச்சானுக்கு மட்டும் லேசாகச் சந்தேகம். ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மட்டக் கேபிளை ஒரு வண்டியில் இழுத்துவிட்டு, வந்ததும் சாவியைக் கொடுத்தான். அவர் மிதித்தார். கடை முழுக்க ஊளை. அவரோ "சுத்தம்" என்றார்.

வேறொருவனாக இருந்தால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பான். இந்தப் படுபாவி மட்டக் கேபிளை மூட்டை மூட்டையாக வாங்கி இறக்கினான்.

"கேபிள் இழுக்கிறதெல்லாம் மத்தவங்க பார்த்துக்கட்டும் மாமா. நீங்க ராஜா மாதிரி உட்கார்ந்து கேட்டுச் சொல்லுங்க, போதும்."

அதை மரியாதை என்று நினைத்து மனுஷன் குளிர்ந்துபோனார். நினைத்தாலே வயிறு எரிகிறது. ஊளையோடு திரும்பி வந்தவர்களுக்கு மச்சான் அவரைக் கைகாட்டினான். அவர் எகிறினார்: "என் காது பொய் சொல்லாது. முதல்ல உங்க எஞ்சினைப் போய்ப் பாருங்க!" பலபேர் தங்கள் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு மனைவி கடைக்கு வந்திருந்தாள். இருவரும் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போகவேண்டும். ஒரே ஒரு டாக்ஸி பாக்கி. கால் வலிக்கிறதென்று அவள் அதன் பின்சீட்டில் உட்கார்ந்தாள். அவர் மிதித்தார்.

"அய்யோ, என்னங்க இது, கொசு காதுக்குள்ள பூந்த மாதிரி!"

"எது?"

"இதுதான். நீங்க மிதிக்க மிதிக்க ஏறுதே!"

அவர் காலை எடுத்தார். மறுபடி மிதித்தார். எஞ்சின் உறுமல் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். ஜன்னலோரம் குனிந்து நின்ற மச்சான், அக்காவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. புதிதாக ஒன்றைக் கேட்டு அதிர்ந்தவள் முகமாக அது இல்லை. தெரிந்ததை மறந்து உளறிவிட்டவள் முகமாக இருந்தது.

"ஒண்ணுமில்லங்க. வெளியில எங்கேயோ கேக்குது."

"உனக்குத் தெரியுமா?"

அவள் தம்பியைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"கத்தாதீங்க, அந்த ஆள் வர்றாரு. இந்த வேலையும் போச்சுன்னா எங்க போய் நிப்பீங்க? அதான் தம்பி சொல்லவேணாம்னான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்ஸிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "என்னண்ணே, சரியா இருக்கா?"

"உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

"லேசா என்னமோ கேக்குற மாதிரிதான் இருக்கு. எனக்கென்னண்ணே தெரியும், நீங்க சொன்னா சரி."

அவர் எஞ்சினை நிறுத்தி இறங்கி, சாவியை நீட்டினார். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு டாக்ஸிக்காரர் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

மறுநாள் காலை, மச்சான் கொடுத்த சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறினார்.