விரால் படுத்திருந்த மனை

கோவையில் நாங்கள் குடியிருந்த ஏழாவது வாடகை வீட்டில், சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடும்பத்துக்கு நான்கு குடம் என்பது வீட்டுக்கார அம்மாவின் சட்டம். ஐந்தாவது குடத்தை வைத்தால் திட்டமாட்டார். கனிவாகச் சிரித்துக்கொண்டே குழாயை மூடிவிடுவார். என் மனைவி காங்கேயத்துக்காரி, தண்ணீரின் அருமை தெரிந்தவள். ஆனாலும் அந்தச் சிரிப்பை அவளால் பொறுக்க முடியவில்லை. சொந்த வீடு, சொந்தக் கிணறு, அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

நான் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளன். படித்தவனை யாரும் ஏமாற்ற முடியாது என்று மனதார நம்பிய காலம் அது. தொண்ணூறுகளில் ஒரு கோடை. அன்னூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனை விலைக்கு வந்தது. செம்மண் பரப்பி, வெள்ளையடித்த கல் நட்டு, கல்யாண வீடு மாதிரி வைத்திருந்தார்கள். மனைவி சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நாலு பக்கமும் மேடு, நடுவால பள்ளம். குட்டையாட்டத் தெரியுதுங்களே?"

"ஒரு காலத்துல குட்டைதானுங்க அம்மணி," என்றார் தரகர். "எட்டு வருசமா சொட்டுத் தண்ணி நிக்கலீங்க."

நிலத்தடி நீர் இறங்கிப்போனது பற்றி நானும் ஒரு சிறு விரிவுரை ஆற்றினேன். மூன்றாம் மனிதர் முன்னால் புருஷனோடு வாதாடும் பழக்கம் அவளுக்கு இல்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பங்குனியில் அஸ்திவாரம் தோண்டினோம். அவள் அப்போது தாய் வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் கடப்பாரை செம்மண்ணைத் தாண்டிக் கருஞ்சேற்றில் இறங்கியது. மேலே காய்ந்த மண், உள்ளே ஈரம். அந்த ஈரத்துக்குள் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் மீன், உடம்பெல்லாம் வழுவழுப்பாக, வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தது.

"சார், உசுரோட இருக்குதுங்க!" என்று மேஸ்திரி கத்தினார்.

எனக்கு அன்று திருவிழா. குழியின் கரையில் நின்றபடி வேலையாட்கள் ஆறு பேருக்கும் வகுப்பெடுத்தேன். குட்டை வற்றினால் கெண்டை சாகும், கொக்கு தின்னும். விரால் சேற்றில் இறங்கிவிடும். அதற்குக் காற்றையே விழுங்கி மூச்சுவிடத் தெரியும். இரை கிடையாது. உடம்புக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு, தோல் காயாமல் மழைக்குக் காத்திருக்கும்.

"எத்தனை வருசம் தாங்குமுங்க?"

"வருஷமா? சில மாசம்தான்."

மேஸ்திரி யோசித்தார். "அப்படின்னா போன கார்த்திகையில இங்க தண்ணி நின்னிருக்கோணுமுங்க."

"ரொம்பச் சரி!" என்றேன். பாடம் புரிந்துகொண்ட மாணவனைப் பார்த்த பூரிப்பில் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வேலையைத் தொடரலாமா என்று கேட்டார். தாராளமாக, என்றேன்.

விராலை வாளியில் போட்டுக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். மூன்று வகுப்புகளுக்குக் காட்டினேன். ஆசிரியர் அறையில் சொன்னேன், முதல்வரிடம் சொன்னேன், வழியில் பேருந்து நடத்துநரிடமும் சொன்னேன்.

ஆவணியில் புதுமனை புகுந்தோம். மனைவி கிணற்றிலிருந்து எண்ணாமல் இறைத்தாள். தேவையே இல்லாமல் வாசலை இரண்டு முறை கழுவினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலு பக்க மேட்டுத் தண்ணீரும் வழி மறக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்தது. மூன்றாம் நாள் மதியம் கூடத்தில் முழங்கால் அளவு. மாடிப்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அடுப்படியிலிருந்து ஒரு விரால் நிதானமாக வெளியே வந்து, கூடத்தைச் சுற்றிவிட்டு, பூஜை அலமாரிப் பக்கம் போனது. நாங்கள்தான் விருந்தாளிகள் என்பது அதன் நடையிலேயே தெரிந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், குறித்துக்கொள்ள என் கை நோட்டுப் புத்தகத்தைத் தேடியது.

பழைய வீட்டுக்கார அம்மா பெரிய மனசோடு எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். புதுக்குடித்தனம் என்பதால் மூன்று குடம்.

துக்கம் விசாரிக்க ஒருநாள் கல்லூரி நண்பர் வந்தார். காபி குடித்தபடி, "அஸ்திவாரம் தோண்டறப்பவே விரால் கிடைச்சுதே, எங்களுக்கெல்லாம் காட்டினாரே," என்று மனைவியிடம் சொன்னார். அவர் போன பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லார்த்துகிட்டயும் சொல்லியிருக்கறீங்க. எங்கிட்ட மட்டும் ஏனுங்க சொல்லல?"

"மறந்துபோச்சு," என்றேன்.

மறக்கவில்லை. அவள் ஊரிலிருந்து திரும்பிய அன்று பேருந்து நிலையத்திலேயே சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அந்த நிமிஷமே வேலையை நிறுத்தச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.