அண்ணாச்சியின் கல்லா வலி

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி, மயிலாப்பூர் கிளினிக்கில் என் அறைக்கு வந்த முதல் நாளே உட்கார மறுத்துவிட்டார். அது 1970-களின் தொடக்கம். நான் அங்கே புதிதாகச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட்.

"இடுப்பு வலிம்மா. கல்லாவுல உக்கார முடியல. நான் எந்திரிச்சா என் மச்சினன் உக்காந்துருவான். அப்புறம் அவன எழுப்ப முடியாது. தீபாவளிக்குள்ள சரியாக்கிருங்க."

அப்போது சித்திரைதான் நடந்துகொண்டிருந்தது. இடுப்புக்கு ஹீட் கொடுத்தேன். குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னேன். ஒழுங்காகத் தொட்டார், வலி கூடிக்கொண்டே போனது. இடுப்பில் எங்கே அழுத்தினாலும் "அங்க இல்லம்மா" என்பார். எங்கே என்று கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பார். அந்தக் காலத்து ஆண்களுக்கு உடம்பு இடுப்போடு முடிந்து, முழங்காலில்தான் மறுபடி தொடங்கும். நடுவில் இருப்பதை ஒரு பெண்ணிடம் சொல்ல உயிரே போனாலும் வாய் வராது.

ஒருநாள் கண்கலங்கி வந்தார். "கல்லாவுக்கு மேல என் மச்சினன் அவன் போட்டோவ மாட்டிட்டாம்மா!"

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் வந்தது. "வெட்கப்பட்டா கல்லா போயிடும் அண்ணாச்சி. உங்க மேல காட்ட வேணாம், அதுல காட்டுங்க" என்று மூலையில் தொங்கிய எலும்புக்கூட்டைக் காட்டினேன்.

சதை இல்லாததால் அதனிடம் வெட்கம் இல்லை போலும். நாம் உட்காரும்போது பலகையில் படுகிற எலும்பில், கையிலிருந்த குடையால் ஒரே குத்து குத்தினார். கூடு கொக்கியிலிருந்து கழன்று அவர் மேலேயே சாய்ந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த முனியம்மா ஆயா, "இன்னா நைனா, செத்தவனக்கூட வுட மாட்டியா?" என்றாள்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. பின்தொடைத் தசைநார் ஒட்டியிருப்பது அந்த எலும்பில்தான். குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி என் கையால் தடுத்தேன். "ஐயோ, அதேதாம்மா!" என்று அலறினார். அந்த நாரைக் கல்லாப் பலகை நசுக்கியது; போதாததற்கு நான் வேறு குனியவைத்து இழுத்திருக்கிறேன்.

குனிவதை நிறுத்தினேன். மல்லாந்து படுத்து, குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்கும் பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். தீபாவளிக்கு முன்பே அண்ணாச்சி இலவம்பஞ்சு மெத்தையோடு போய்க் கல்லாவில் உட்கார்ந்தார். மச்சினர் மறுபேச்சில்லாமல் எழுந்து கொடுத்தாராம். எனக்கு ஆச்சரியம்தான்.

இளம் பிசியோக்களுக்கு ஒன்று சொல்வேன்: இடுப்பு என்று யார் சொன்னாலும் உடனே நம்பாதீர்கள்.

மறுவாரம் அந்த மச்சினரே வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"இடுப்பு வலி மேடம்."

எலும்புக்கூட்டைக் கொக்கியில் இறுக்கிக் கட்டிவிட்டு, என் குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.