ஜம்புவின் தப்படிகள்

"இருநூத்திப் பதினாறு, இருநூத்திப் பதினேழு..."

டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில் ஜம்பு இப்படி நடந்து வந்தால் குறுக்கே பேசக் கூடாது. வணக்கம் சொன்னால் கை மட்டும் உயரும். உதடு எண்ணிக்கையை விடாது.

லக்ஷ்மிபாய் நகர்க்காரர், மத்திய சர்க்கார் குமாஸ்தா, ஆறடி இரண்டங்குலம். எழுபத்தெட்டாம் வருஷம், ஊரிலிருந்து வருகிறவர்களுக்காக 'டில்லியில் தனியாக' என்று நாற்பது பக்க வழிகாட்டி எழுதி, தானே ஸ்டென்சில் வெட்டி, நகலெடுத்து, தைத்து, மார்க்கெட் அப்பளக் கடையில் விற்க வைத்தார். குதுப்மினாரை யார் கட்டினார்கள் என்பதெல்லாம் அதில் கிடையாது. எந்த பஸ், எங்கே இறங்குவது, இறங்கி எத்தனை தப்படி, அவ்வளவுதான். "இந்தி போர்டு படிக்கத் தெரியாதவாளுக்கு எண்ணத் தெரியுமோல்லியோ?" என்பார். டில்லி வந்த முதல் மாதம் நானே அதை வைத்துத்தான் பிழைத்தேன்.

போன மாதம் நான் அவர் வீட்டில் இருந்தபோது பொன்னி என்று ஒருத்தி தேடி வந்தாள். சேலம் பக்கத்துக்காரி, கட்டட வேலை, நாலே முக்கால் அடி. சாரத்திலிருந்து விழுந்த புருஷனைப் பார்க்க, புத்தகத்தைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள்.

"நானூறு தப்படி, இடப்பக்க வாசல்னு போட்டிருந்தீங்க. எண்ணிக்கிட்டேதான் போனேனுங்க. நின்னா, பொணம் குடுக்குற வாசலுங்க. அவரு போயிட்டாரு போலன்னு அங்கயே உக்காந்து அழுதேன். பாக்குற நேரமும் முடிஞ்சுபோச்சு. மறுநாள்தான் மாவுக்கட்டோட அவரப் பாத்தேன்."

ஜம்புவின் நானூறு அவளுக்கு ஐந்நூற்றைம்பது. நான் அசடு போலச் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

"எல்லாத்துக்கும் முன்னாடி சுமார்னு போட்டுடுங்கோளேன்" என்றாள் அவர் மனைவி ஜலஜா.

"சுமார்னு சொல்ல ரோட்ல போறவன் போதுமே. அதுக்குப் புஸ்தகம் எதுக்கு?"

கடையில் இருந்த பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எண்பத்தாறு வழிகளையும் குட்டைக்காரர் தப்படியில் மறுபடி எண்ண வேண்டும், இனி ஒவ்வொரு ஞாயிறும் அதுதான் வேலை. இரண்டு வாரம் ஜலஜாவை நடக்கவிட்டு எண்ணினார். மூன்றாம் வாரம் அவள் முழங்கால் மக்கர் பண்ணிவிட்டது.

இன்று ஆஸ்பத்திரி வழி. துணைக்கு நானும் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜம்பு பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தார். பொன்னியை நடக்கச் சொல்லி, அவளுடைய ஒரு தப்படியை அளந்து முடிச்சுப் போட்ட கயிறு. பேன்ட்டை மடித்துவிட்டுக் குனிந்து, இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவே அதைக் கட்டிக்கொண்டார். க்யூவில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஜம்பு நிமிர்ந்தார். கயிறு விட்ட அளவுக்குக் காலை எடுத்து வைத்து, "ஒண்ணு" என்றார்.